இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது

திரையில் அந்த எண் வந்து நின்றபோது செண்பகம் மோர்க்குழம்பை நினைத்துக்கொண்டிருந்தாள். கேன்டீனில் இன்று வெண்டைக்காயைப் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள், அது இன்னும் தொண்டைக்குள் பாதி வழியில் நின்றது, ஏசி வேறு நேராகப் பிடரியில் அடித்தது, மதியச் சாப்பாட்டுக்கு மேல் கூட்டம் போடுகிறவன் எவனாயிருந்தாலும் நிம்மதியாகத் தூங்கிப் பழகாதவனாகத்தான் இருக்க வேண்டும். 2960 என்றது திரை. என்ஜின் திறன் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது என்று வாயாலும் சொல்லிவிட்டு, பாதைக் கணக்குப் பிரிவின் இம்மானுவேல் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அதில் ஒரு நீலக்கோடு கடலைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறி அழகாக ஒரு வட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது, எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள், அவளும் கோட்டைத்தான் பார்த்தாள், ஆனால் மனசு முந்தின படத்திலேயே நின்றுவிட்டது, புடவை முள்ளில் மாட்டிக்கொண்டால் ஒரு எட்டு முன்னால் போன பிறகுதானே தெரிகிறது, அந்த மாதிரி. அறுபதா? ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதா? சரி, இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல எண்தான், கேட்டமாதிரி இருக்கிற எண்தான். கேட்டமாதிரி இருக்கிறதுதான் உறுத்தியது. மூன்றாம் கட்ட ராக்கெட்டின் தொட்டியில் எத்தனை கிலோ எரிபொருள் ஊற்றுவது என்று இன்று முடிவாகிவிடும், அந்த முடிவுக்கு அஸ்திவாரமே அந்த எண்தான், முடிவானதும் அவள் பிரிவு தொட்டியை நிரப்பி மூடி சீல் வைத்துவிடும், அப்புறம் பிரம்மாவே வந்தாலும் ஒரு சொட்டு கூட்ட முடியாது. எரிபொருள் குறைந்தால் அந்த நீலக்கோடு வட்டத்தில் ஒட்டாது, தென்காசிப் பக்கத்து மகளிர் கல்லூரிப் பிள்ளைகள் செய்து கொடுத்த செயற்கைக்கோளோடு சேர்த்து எல்லாம் கடலுக்குள். போன வருஷம் போன மாதிரி. போன வருஷத்தை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் மட்டும் மனசு கேட்கிறதா, அது குழந்தை மாதிரி, தொடாதே என்றதைத்தான் தொடும்.

இந்தக் கம்பெனியில் அலகு சொல்கிற வழக்கம் கிடையாது. மலை அடிவாரத்தில், காற்றாலைகளுக்கு நடுவில், ஒரு பழைய நூற்பாலைக் கட்டிடத்தில் தொடங்கிய கம்பெனி, ஆரம்பத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே மேஜையில் சோறு தின்றவர்கள், அலகு சொல்வது வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் முழுப்பெயர் சொல்லி அழைப்பது போல இருந்திருக்கும். அப்படியே ஊறிப்போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் எண்ணுக்குப் பின்னால் அலகையும் சேர்த்துச் சொல்லுவார்கள், ஆறு மாதத்தில் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். என்ஜின் எத்தனை சிக்கனம் என்பதற்குத்தான் ஒன்றுக்கு ரெண்டாக அலகு. என்ஜினை மேடையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிற பிரிவு வினாடியில் சொல்லும், ஒரு கிலோ எரிபொருளை வைத்துக்கொண்டு ஒரு கிலோ எடையை இத்தனை வினாடி அந்தரத்தில் தாங்கலாம் என்கிற கணக்கு. ராக்கெட் போகிற பாதையைக் கணக்கிடும் பிரிவுக்கு அது ஆகாது, வாலிலிருந்து புகை எத்தனை வேகமாக வெளியே வருகிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று. முந்தியதை ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கினால் பிந்தியது வந்துவிடும், அதாவது பூமியின் இழுப்பால். அவ்வளவுதான் வித்தியாசம், பத்தாம் வகுப்புப் பெருக்கல். முதன்முதலில் இதைப் படித்தபோது செண்பகத்துக்கே சிரிப்பு வந்தது, செயல்திறனை வினாடியில் அளக்கிறதாவது. அவள் கணவர் சண்முகம் கல்யாணமான புதிதில், முந்நூறு வினாடி என்றால் அஞ்சு நிமிஷத்தில் என்ஜின் அணைந்துவிடுமா என்று கேட்டார், பேங்கில் வேலை பார்க்கிற மனுஷன், நியாயமாகத்தான் கேட்டார், அவள் அதை ஆபீசில் சொல்லி எல்லோருமாகச் சிரித்தார்கள். லிங்கம் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை கேட்டதுல என்ன தப்பு? எதுலன்னு சொன்னாத்தானம்மா அவுகளுக்குத் தெரியும். மேல போறவனுக்கு பூமியோட இழுப்பு எதுக்குங்கேன், அதையும் சொல்லுங்க பாப்போம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

குற்றாலலிங்கம். வால்வுப் பிரிவு. எந்த எண்ணைச் சொன்னாலும் "எதுல?" என்று கேட்பார். அழுத்தம் இருபது என்றால், எதுல? நீளம் நாலு என்றால், எதுல? டீ எத்தனை என்று கேன்டீன்காரன் கேட்டாலும் எதுலடே, கிளாஸ்லயா கப்லயா என்பார், அதை வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் அடுத்தவன் கேலி கொஞ்சம் குறையும் என்று நினைத்திருக்கலாம். குறையவில்லை. அவர் வருகிறபோதே 'எதுல வருதாரு' என்று பசங்கள் முணுமுணுப்பார்கள். செண்பகம் அவரைப்போல நடித்துக்காட்டியிருக்கிறாள், மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, தலையைச் சாய்த்து, எதுலம்மா. நன்றாக நடிப்பாள், பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் பரிசு வாங்கினவள். அதை நினைத்தால் இப்போது காது மடல் சுட்டது. பத்தில் ஒன்பது தடவை அவர் கேள்விக்கு நேரான பதில் இருந்தது, கூட்டம்தான் நீண்டது, ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத மனுஷன் என்று தலைவர் ராமசேஷன் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருநூத்தித் தொண்ணூத்தாறு. சட்டென்று அது நினைவுக்கு வந்தது. பழைய என்ஜின், மேடையில் எரித்தது, வினாடிக் கணக்கு, இருநூத்தித் தொண்ணூத்தாறு, அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள். அதை ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கினால்... செண்பகம் மேஜைக்கு அடியில் விரலால் புடவை மடிப்பில் எழுதிப் பார்த்தாள். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அறுபது இல்லை. தொள்ளாயிரத்தோடு முடிந்துவிட்டது. பத்தால் பெருக்கினால் அறுபது. கையெழுத்து மாறாத மாதிரி அதே மூன்று இலக்கம், ஒரு பூஜ்யம் மட்டும் கூட, அதனால்தான் கேட்டமாதிரி இருந்ததா? வாய்க்கணக்குக்கு எல்லோரும் பத்து என்றுதான் வைத்துக்கொள்வார்கள், டீக்கடையில் நின்று பேசும்போது யார் ஒன்பது புள்ளி எட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது, ஆனால் அது டீக்கடையில். வினாடிக்கு அறுபது மீட்டர் வேகம் இல்லாததை இருக்கிறது என்று எழுதிவிட்டால் தொட்டியில் குறைவாகத்தானே ஊற்றுவோம்.

இரு, இரு, அவசரப்படாதே, இது புது நாசில் அல்லவா. வாலில் மாட்டுகிற கூம்பு, போன தடவையைவிட நீளமானது, அது வந்ததும் திறன் கூடும், முந்நூத்தி ரெண்டு வரும் என்று மேடைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்களே. முந்நூத்தி ரெண்டை ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கு. மறுபடி விரல் மடிப்பில் ஓடியது. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது சொச்சம். அறுபதுதான். அப்படியானால் சரிதான், இம்மானுவேல் ஒழுங்கான ஆள், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீபோர்டு வாசிக்கிறவர், ஒரு சுரம் தப்பினால் முகம் சுளிக்கிறவர், அவரா பத்தால் பெருக்குவார். அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுசாக வெளியே போகவில்லை. ஒரே எண், அது புது நாசிலின் மெய்யான எண்ணாகவும் இருக்கலாம், பழைய என்ஜினின் சோம்பேறி எண்ணாகவும் இருக்கலாம், முகத்தைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது, எவன் எவன் என்று பெற்றவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் போயிற்று. எதுல என்று ஒரு வார்த்தை. இந்த அறையில் அந்த வார்த்தையைச் சொன்னால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் பதில் வரும், பதில் சரியாக இருந்துவிட்டால் அந்தச் சிரிப்பு நாளைக்கும் வரும், நாளன்றைக்கும் வரும், நாற்பத்தாறு வயதில் ஒரு பட்டப்பெயரோடு காரிடாரில் நடக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மனுஷர் பத்து வருஷம் தாங்கியிருக்கிறார்.

"அப்ப ஃப்ரீஸ் பண்ணிரலாமா?" என்றார் ராமசேஷன். அதாவது இனி யாரும் எதையும் மாற்றக் கூடாது. இங்கே அதற்கு ஒரு முறை உண்டு, காகிதம் கையெழுத்தெல்லாம் அப்புறம், முதலில் மேஜையைச் சுற்றி ஒவ்வொரு பிரிவும் வாயால் சரி என்று சொல்ல வேண்டும், தாலி கட்டுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி, ஒருத்தர் சொல்லாவிட்டாலும் ஆகாது. சுற்று ராமசேஷனுக்கு இடப்பக்கத்திலிருந்து தொடங்கும், செண்பகம் வலப்பக்கக் கடைசி. அவளுக்கு முந்தின நாற்காலிதான் லிங்கத்தின் நாற்காலி, சுற்று அவரிடம் வந்து முட்டி நிற்கும், இப்போது அதில் மின்சாரப் பிரிவின் ஷகிலா உட்கார்ந்து செல்போனில் எதையோ ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். "சரி" என்றார் மேடைப் பிரிவு ஆவுடையப்பன். போன வருஷமும் ஆவுடையப்பன்தான் முதலில் சொன்னார். போன வருஷம் மூன்றாம் கட்டம் மேலே போய், வட்டத்தில் ஒட்ட இன்னும் கொஞ்சம் வேகம் பாக்கியிருக்கிறபோது எரிபொருள் தீர்ந்துபோனது. ஊற்றினது எங்கே போயிற்று? விசாரணைக் குழு போட்டார்கள், மூன்று பேர், அதில் செண்பகமும் ஒருத்தி. கடைசி நேரத்துத் தகவல் மங்கலாக வந்திருந்தது, வால்வு ஒன்று சரியாக மூடாமல் கசிந்திருக்கலாம் என்று படித்தால் அப்படியும் படிக்கலாம், அப்படித்தான் படித்தார்கள். வேறு எதுவும் தப்பாகத் தெரியவில்லை, தப்பு எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும், வால்வு வாயில்லாப் பூச்சி, வால்வுக்காரர் ஏற்கெனவே கேலிக்கு ஆளானவர். லிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்து, வால்வு நல்லாத்தான் மூடிச்சு என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு மேஜைமேல் கிடந்த கணக்குத் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒரு எண்ணில் விரலை வைத்து, "இது எதுலம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

எந்த எண்? செண்பகம் கண்ணை மூடினாள். விரல் தெரிகிறது, நகத்தில் கிரீஸ் கறுப்பு தெரிகிறது, எண் தெரியவில்லை. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து என்று தொடங்கியது, அதற்குப் பிறகு? அவர் நகம் மறைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி, விரலை எடுங்க. "சரி" என்றது இரண்டாவது குரல். அறுபதா, தொள்ளாயிரத்தோடு முடிந்ததா? போன தடவை பழைய நாசில், அதற்கு அறுபது வரவே கூடாது, அது அறுபதாக இருந்திருந்தால், இருந்திருந்தால்... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. அவள் அப்போது எண்ணைப் பார்க்கவில்லை, அதுதான் உண்மை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள், மற்ற இரண்டு பேரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்பை மறைக்கத்தான் கோபமாகப் பேசினாள். "விடுங்க அண்ணாச்சி, இப்ப அதுவா முக்கியம்?" அவர் விரலை எடுத்துக்கொண்டார். சத்தம் போட்டிருக்கலாம், மேஜையைக் குத்தியிருக்கலாம், ஒன்றும் செய்யவில்லை, தாளை முன்பிருந்தபடியே அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் விருப்ப ஓய்வு என்றார்கள், யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. சங்கரன்கோவிலில் மச்சினன் மோட்டார் பம்புக் கடையில் இருக்கிறாராம். பம்புக்கு எத்தனை குதிரை என்று கேட்கிறவனிடம் எதுல என்று கேட்பாரோ? "சரி" என்றது மூன்றாவது. மகள் நிலானிக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படித்தான், அவள் இங்கே வேலையில் இருந்தாள், சண்முகம் போனில், புதுக் காய்ச்சல் மானி வாங்கினேன், முப்பத்தொம்பதுதான் காட்டுது, நூறுகூட இல்லை, நீ நிதானமா வா என்றார். அவளும் சரி என்று வைத்துவிட்டாள். வேலை மும்முரத்தில் காதில் விழுந்தது எண்தான், 'நூறுகூட இல்லை' என்பதுதான், செல்சியஸில் முப்பத்தொன்பது என்றால் ஃபாரன்ஹீட்டில் நூத்திரெண்டுக்கு மேல் என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் உறைத்தது. வீடு இருக்கிற வள்ளியூர் வருவதற்குள் எத்தனை சாமியைக் கும்பிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்பதால் அதையும் ஒரு சிரிப்புக் கதையாக்கி ஆபீசில் சொன்னாள். எல்லாவற்றையும் சிரித்தே கழித்திருக்கிறோம். "சரி, சரி" என்று யாரோ இரண்டு தடவை சொன்னார்கள், தூக்கக் கலக்கமாக இருக்கும்.

சரி என்று சொன்னால் என்ன. இம்மானுவேல் பார்த்திருப்பார். இம்மானுவேலுக்குக் கீழே நாலு பேர் பார்த்திருப்பார்கள். மேடைக்காரர் எண்ணைக் கொடுத்திருப்பார், இவர்கள் வாங்கியிருப்பார்கள், கொடுத்தவன் வாங்கினவன் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள், நடுவில் தொட்டி ஊற்றுகிறவளுக்கு என்ன வந்தது, கேட்டால் எங்களை நம்பவில்லையா என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் இப்படித்தானே ஒவ்வொருத்தரும் நினைத்திருப்பார்கள், அவர் பார்த்திருப்பார், இவர் பார்த்திருப்பார் என்று, பார்க்கிற ஒரே ஆளையும் பம்புக் கடைக்கு அனுப்பியாயிற்று. கேலி செய்து செய்து அந்தக் கேள்வியையே இந்த அறையிலிருந்து விரட்டிவிட்டோம், விரட்டினவர்களில் நானும் ஒருத்தி, நன்றாக நடித்தும் காட்டினவள். "சரி" என்றாள் ஷகிலா, செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே. எல்லோரும் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்கள். கதவருகே டீ வந்துவிட்டது, பருப்பு வடை வாசனை, இவள் ஒரு சொல் சொன்னால் எழுந்துவிடலாம். செண்பகம் சரி என்றுதான் சொல்ல வாயைத் திறந்தாள், அவளே அப்படித்தான் நம்பினாள்.

"இம்மானுவேல், அந்த ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, எதுல?"

எதிர்பார்த்தபடி சிரிப்பு வந்தது. ஆவுடையப்பன் வாய்விட்டே சிரித்தார். "மேடம், நீங்களுமா?" என்றார்.

"மீட்டர்லதான் மேடம்" என்றார் இம்மானுவேல், அவரும் சிரித்துக்கொண்டே.

"எதுலருந்து வந்தது? புது நாசிலை மேடையில எரிச்சுப் பார்த்ததா?"

"இல்ல மேடம், அந்த அளவு இன்னும் எங்க கைக்கு வரலயே. இது பழைய இருநூத்தித் தொண்ணூத்தாறுதான்."

"அதை எதால பெருக்குனீங்க?"

இம்மானுவேல் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருத்தர் பக்கத்து ஆளைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. "தொடக்கத்துல உத்தேசமாப் போட்டது மேடம். பத்து வச்சு. அப்புறம் மாத்தல போல" என்றார் இம்மானுவேல். குரல் இறங்கிவிட்டது. தன் பக்கம் நியாயம் தேடுகிறவராக உடனே சொன்னார், "புதுசா ஒண்ணும் பண்ணல சார். போன தடவையும் இதே எண்தான் போட்டோம்."

விசாரணை அன்றைய தாள் செண்பகத்தின் கண்முன் வந்தது. கறுப்பு நகம் மேலே எழுந்தது, கீழே அறுபது இருந்தது, எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கசியவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, ஊற்றினதே குறைவு, அந்தக் குறைவைத் தன் கையால் ஊற்றி மூடினவள் அவள், ஊற்றினவளே நியாயம் சொல்லவும் உட்கார்ந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், பாவம் இத்தனை நாளும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருக்கிறது. ராமசேஷன் அவளைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, விசாரணைக் குழுவுக்குத் தலைவர் அவர்தான், ஒரு கணம் அவர் கண்ணில் அது தெரிந்தது, பிறகு அவர் அதை மடித்து வைத்துவிட்டார்.

"நல்லவேளை செண்பகம், காப்பாத்திட்டீங்க" என்றார் சத்தமாக. "இம்மானுவேல், புது அளவை வாங்கித் திரும்பப் போடுங்க. ஃப்ரீஸ் அடுத்த வாரம். எல்லாரும் டீ சாப்பிடுவோம்."

ரெண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், தடதடவென்று பாராட்டு, ஷகிலா அவள் தோளைத் தொட்டு சூப்பர்க்கா என்றாள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. செண்பகத்துக்கு எங்கேயாவது போய் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஒரு மனுஷருக்கு அவமானத்தைக் கொடுத்த அதே கேள்வி, அவளுக்குப் பாராட்டைக் கொடுக்கிறது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

"டீ ஆறிரும் மேடம், அப்புறம் பேசுவோமே" என்றார் ராமசேஷன், எழுந்தபடி.

"லிங்கம் அண்ணாச்சியோட விசாரணையத் திரும்பத் திறக்கணும் சார்."

கதவுப் பக்கம் போனவர்கள் நின்றார்கள். ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசியபோது குரல் தணிந்து, ஏறக்குறையக் கெஞ்சலாக இருந்தது. "அதுல உங்க பேரும் இருக்கும்மா."

"இருக்கு சார்" என்றாள் செண்பகம்.